பெருந் தொலைகாட்டிகளும் செந்நிறக்கீழ் நிறமாலைபதிகருவிகளும்

விளக்கொளியில் அமர்ந்துகொண்டு மின்மினியைத் தேடுவானை உலகம் நகைக்கும். விளக்கை அணைத்துவிட்டுத் தேடுக என்று அறிவுரையும் கூறும். ஆயின், அவ்விளக்கு அணைக்க இயலாததாயின் அவன் என் செய்வான்? செந்நிறக்கீழ்க் கதிர்களால் வானத்தை ஆராயும் அறிஞர் இத்தகைய நிலையிலேயே உள்ளனர். அக்கதிர்களை உணரும் கண்ணுக்கு இரவு வானம் இருண்டதன்று, அஃது ஒளிர்கின்றது. தொலைகாட்டியின் ஆடி ஒளிர்கின்றது. அதனைத் தாங்கும் உருக்குச் சட்டகம் ஒளிர்கின்றது. அருகில் நிற்கும் மனிதனும் ஒளிர்கின்றான். இத்தனை ஒளிகளுக்கிடையே, நெடுந்தொலைவிலிருந்து வந்துசேரும் சில ஒளித்துணிக்கைகளை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். பிரித்தெடுப்பதோடு அமையாது, அவற்றை அலைநீள வரிசையில் நிறுத்திக் கணக்கிடுதலும் வேண்டும். இப்பணியைச் செய்யும் பொறியே செந்நிறக்கீழ் நிறமாலைபதிகருவி எனப்படும். அஃது உருப்பெற்ற வரலாறும், அதனை ஆக்குவோர் எதிர்ப்பட்ட இடர்களும், அவ்விடர்களை அவர்கள் வென்ற முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

கண் காணாத ஒளி

1800 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹேர்செல் என்பார் ஞாயிற்றொளியை ஓர் அரியத்தின் வழியே செலுத்தி, பிரிந்து தோன்றிய நிறங்களில் வெப்பமானிகளை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பமானியின் ஏற்றம் மிகுந்தது. சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், நிறம் எதுவும் தோன்றாத இடத்தில் வைத்தபோது அவ்வேற்றம் இன்னும் மிகுந்தது. கண்ணாற் காணவியலாத ஒளியும் உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. 1781 இல் யுரேனசுக் கோளைக் கண்டறிந்து புகழ்பெற்ற அவருக்கு இக்கண்டுபிடிப்பு இரண்டாவது பெரும் பேறாயிற்று.

மனிதக் கண் உணரும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 மைக்கிரோமீற்றர் முதல் 0.7 மைக்கிரோமீற்றர் வரையுள்ளது. அதற்கு அப்பாற்பட்டவை செந்நிறக்கீழ்க் கதிர்கள். அவற்றுள் 1 மைக்கிரோமீற்றர் முதல் 5 மைக்கிரோமீற்றர் வரையான பகுதியே நிலத்திலுள்ள பெருந் தொலைகாட்டிகளுக்கு மிகுந்த பயன் தருவது.

இக்கதிர்களை வானியலார் நாடுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, விண்வெளியிலுள்ள தூசு கட்புல ஒளியைத் தடுக்குமளவுக்கு இக்கதிர்களைத் தடுப்பதில்லை. இரண்டாவது, வெப்பங் குறைந்த பொருள்கள் தம் ஒளியின் பெரும்பகுதியை இக்கதிர்களாகவே வெளிவிடுகின்றன. மூன்றாவது, அண்டம் விரிந்துகொண்டிருப்பதால், மிகத் தொலைவிலுள்ள வெள்ளுடுத்தொகுதிகளின் ஒளி நீண்ட அலைநீளங்களுக்குப் பெயர்ந்து வருகின்றது. ஐதரசன் 0.656 மைக்கிரோமீற்றரில் வெளிவிடும் செங்கோடு, பத்துப் பில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளுடுத்தொகுதியிலிருந்து புறப்பட்டதாயின், இன்று 2 மைக்கிரோமீற்றரையொட்டியே வந்தடையும். நான்காவது, நீராவி, மெதேன், காபனோரொட்சைட்டு முதலிய மூலக்கூறுகள் தத்தம் கைச்சாத்தை இப்பகுதியிலேயே தெளிவாகப் பொறிக்கின்றன.

கருவியின் உறுப்புகள்

தொலைகாட்டி ஒளியைத் திரட்டும். நிறமாலைபதிகருவி அதனைப் படிக்கும். இக்கருவியின் அடிப்படை அமைப்பு எளியதே. தொலைகாட்டி உண்டாக்கும் விம்பம் ஒரு குறுகிய பிளவின் மீது விழுகின்றது. பிளவினூடு புகுந்த ஒளியை நேர்வரிசையாக்கி என்னும் உறுப்பு சமாந்தரக் கற்றையாக்குகின்றது. அக்கற்றை கோணல் நெய்யரி ஒன்றின்மீது படுகின்றது. நெய்யரி என்பது நுண்ணிய சமாந்தரக் கோடுகள் நெருக்கமாக வரையப்பட்ட தளம். அஃது ஒவ்வோர் அலைநீளத்தையும் ஒவ்வொரு கோணத்திற் செலுத்துகின்றது. அவ்வாறு விரிந்த ஒளியை ஒரு கமரா குவித்து, உணரியின்மீது நிறமாலையாகப் பதிக்கின்றது.

அருகருகேயுள்ள இரு அலைநீளங்களை வேறுபிரித்துக் காட்டும் ஆற்றல் பிரிவலு எனப்படும். பிரிவலு 1,000 ஆயின், 2 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் 0.002 மைக்கிரோமீற்றர் இடைவெளியுள்ள இரு கோடுகள் பிரிந்து தோன்றும். பிரிவலு 100,000 ஆயின், அதன் நூறிலொரு பங்கு இடைவெளியும் புலப்படும். ஒரு விண்மீன் அணுகுகின்றதா அகல்கின்றதா, எவ்விரைவிற் செல்கின்றது, அதன் வளியில் எவ்வெப்பொருள்கள் உள்ளன என்பவையெல்லாம் இப்பிரிவலுவைப் பொறுத்தே அறியப்படும்.

மூவகை இடர்

செந்நிறக்கீழ்ப் பகுதியில் இவ்வெளிய அமைப்பு மூன்று இடர்களை எதிர்ப்படுகின்றது.

முதலாவது, வளிமண்டலம் ஒளியை விழுங்குவது. நீராவியும் காபனீரொட்சைட்டும் இக்கதிர்களிற் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. எஞ்சியுள்ள சில சாளரங்களினூடாகவே வானத்தை நோக்கலாம். 1.25, 1.65, 2.2, 3.5, 4.8 மைக்கிரோமீற்றர்களைச் சூழ்ந்து இச்சாளரங்கள் அமைந்துள்ளன. நீராவி பெரும்பாலும் தாழ்ந்த வளியிலேயே தங்குவதால், உயர்ந்த வறண்ட மலையுச்சிகள் இவ்வாய்வுக்கு உகந்தன. ஹவாயித் தீவில் ஏறத்தாழ 4,200 மீற்றர் உயர்ந்து நிற்பதும், அத்தீவின் ஆதிகுடிகள் புனிதமெனப் போற்றுவதுமாகிய மவுனா கீயா மலையில் பெருந் தொலைகாட்டிகள் பல அமைக்கப்பட்டமைக்கு இதுவே காரணம். சிலி நாட்டின் அற்றக்காமாப் பாலைநிலமும் அவ்வாறே தெரிந்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது, வளிமண்டலம் தானே ஒளிர்வது. நிலத்திலிருந்து ஏறத்தாழ 87 கிலோமீற்றர் உயரத்தில் ஐதரசன் அணுக்கள் ஓசோனுடன் தாக்கமுற்று ஐதரொட்சில் மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கின்றன. மிகைச்சத்தியுடன் பிறக்கும் அம்மூலக்கூறுகள் அச்சத்தியை ஒளியாக வெளிவிடுகின்றன. 1950 இல் ஏடன் மைனல் என்பார் இவ்வொளியின் மூலத்தைத் தெளிவாக்கினார். 1 முதல் 2.3 மைக்கிரோமீற்றர் வரையான பகுதியில் ஆராயப்படும் மங்கிய வெள்ளுடுத்தொகுதிகளின் ஒளியைக் காட்டிலும் இவ்வளியொளி பன்மடங்கு பெரிது. அன்றியும் அது நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருப்பது.

மூன்றாவது, சூழவுள்ள பொருள்களெல்லாம் தம் வெப்பத்தால் ஒளிர்வது. ஒரு பொருள் எவ்வலைநீளத்தில் மிகுதியாகக் கதிர்வீசும் என்பதை அறிய, 2,898 என்னும் எண்ணை அதன் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தல் வேண்டும். விடை மைக்கிரோமீற்றரிற் கிடைக்கும். ஏறத்தாழ 300 கெல்வின் வெப்பநிலையுள்ள அறைச் சுவர் 10 மைக்கிரோமீற்றரையொட்டி உச்சமாக ஒளிர்வது இக்கணக்கால் விளங்கும். அவ்வொளியின் ஓரம் 2.3 மைக்கிரோமீற்றரிலேயே உணரப்படத் தொடங்குகின்றது. அதற்கப்பால் விரைவாக வளர்கின்றது. புகைப்படக் கருவியின் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கை எரியவிட்டுப் படம் பிடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஒற்றை உணரியின் காலம்

தொடக்கத்தில் இக்கதிர்களை உணர்வதே அரிதாயிருந்தது. அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி 1880 ஆம் ஆண்டையொட்டி வெப்பக்கதிர்மானி ஒன்றை ஆக்கினார். மெல்லிய உலோகப் பட்டி ஒன்று கதிர்பட்டுச் சூடேறும்போது அதன் மின்தடை மாறுவதைக் கொண்டு அது கதிர்களை அளந்தது. ஞாயிற்றின் செந்நிறக்கீழ் நிறமாலையை வரைய அது போதியதாயிற்று, விண்மீன்களுக்குப் போதவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் படைத் தேவைக்கென ஆக்கப்பட்ட ஈய சல்பைட்டு உணரிகள் போர் முடிந்தபின் வானியலார் கைக்கு வந்தன. ஜெராட் கைப்பர் அத்தகைய உணரியொன்றை நிறமாலைமானியிற் பொருத்தி, தெக்சாசு மாநிலத்தின் மக்டொனால்ட் வானாய்வுக் கூடத்திலுள்ள 82 அங்குலத் தொலைகாட்டியில் இணைத்தார். 1947 இல் அவர் செவ்வாயின் வளியிற் காபனீரொட்சைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். பிரான்சு நாட்டில் பியேர் கொன்னும் அவர்தம் உடனாய்வோரும் ஒளித் தலையீட்டு முறையைக் கைக்கொண்டு, 1967 இல் வெள்ளிக் கோளின் வளியில் ஐதரசன் குளோரைட்டும் ஐதரசன் புளோரைட்டும் இருப்பதை வெளியிட்டனர்.

இவையெல்லாம் ஒற்றை உணரியைக் கொண்டு பெற்ற பேறுகள். நெய்யரியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வோர் அலைநீளத்தையும் தனித்தனி அளக்க வேண்டியிருந்தது. ஓர் அலைநீளத்தை அளக்கும்போது மற்றவற்றின் ஒளியெல்லாம் வீணாயிற்று. அளந்துமுடிவதற்குள் வானத்தின் ஒளிர்வும் மாறிவிடும். நூலொன்றைச் சிறு துளையொன்றின் வழியே எழுத்தெழுத்தாகப் படிப்பதை ஒத்தது அம்முறை.

இம்முறையை மாற்றியது உணரி அணி. கட்புல ஒளிக்குப் பயன்படும் சிலிக்கன் 1.1 மைக்கிரோமீற்றருக்கு அப்பாற்பட்ட ஒளியை உணராது. அவ்வொளித்துணிக்கைகளின் சத்தி சிலிக்கனில் ஓர் இலத்திரனை விடுவிக்கப் போதாது. ஆகவே, இந்தியம் அந்திமனைட்டு, இரச கட்மிய தெலூரைட்டு முதலிய வேறு குறைகடத்திகள் நாடப்பட்டன. ஒளியை உணரும் பணியை அவற்றிடமும், எண்ணிக்கையை வாசிக்கும் பணியைச் சிலிக்கனிடமும் ஒப்படைத்து, இரு தகடுகளையும் நுண்ணிய இந்தியக் குமிழ்களால் இணைத்தனர். ஒவ்வோர் உணரும் புள்ளிக்கும் ஒரு குமிழ் வேண்டும். குளிரூட்டும்போது இரு தகடுகளும் வெவ்வேறளவிற் சுருங்குவதால், இணைப்பு அறுந்துபோகாமற் காத்தல் பெரும் பாடாயிற்று.

ஹவாயியிலுள்ள 3.8 மீற்றர் ஐக்கிய இராச்சியச் செந்நிறக்கீழ்த் தொலைகாட்டியில் 1986 இல் 62 நிரலும் 58 நிரையுமாக 3,596 புள்ளிகள் கொண்ட அணியுடைய கமரா ஒன்று பொருத்தப்பட்டது. 1991 இல் அத்தொலைகாட்டியிலேயே நான்காவது குளிர் நெய்யரி நிறமாலைமானி பணிதொடங்கியது. கமராவை ஆக்கிய குழுவின் தலைவராயிருந்த இயன் மக்லீன் பின்னர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிசு வளாகத்துக்குச் சென்று, 10 மீற்றர் ஆடியையுடைய இரண்டாம் கெக் தொலைகாட்டிக்கென நிர்ஸ்பெக் என்னும் நிறமாலைபதிகருவியை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1999 இல் அது முதன்முதலாக விண்ணொளியைப் பெற்றது. அதன் உணரியில் 1,048,576 புள்ளிகள் இருந்தன. பதின்மூன்று ஆண்டுகளுக்குள் உணரும் புள்ளிகள் ஏறத்தாழ முந்நூறு மடங்காயின.

குளிருக்குள் ஓர் இயந்திரம்

கருவி தானே ஒளிராதிருக்க வேண்டுமாயின் அதனைக் குளிர்வித்தல் வேண்டும். திரவ நைதரசனின் வெப்பநிலையாகிய 77 கெல்வினுக்குக் கொண்டுவந்தால், 5 மைக்கிரோமீற்றர் வரையான பகுதியிற் கருவியின் ஒளிர்வு நடைமுறையில் அற்றுப்போகும். உணரியை அதனினுங் குளிர்ந்த நிலையில் வைத்தல் வேண்டும். நிர்ஸ்பெக்கின் இந்தியம் அந்திமனைட்டு உணரி ஏறத்தாழ 30 கெல்வினில் வைக்கப்பட்டது. இவ்வளவு குளிர்ந்த பொருள்மீது வளி பட்டால் வெப்பம் உட்புகும். நீராவி பனியாகப் படியும். ஆதலின், வில்லைகள், ஆடிகள், நெய்யரி, உணரி அனைத்தும் வெற்றிடமாக்கப்பட்ட பெருங் கலத்தினுள் அடைக்கப்படுகின்றன. வெளிச்சுவருக்கும் உட்பகுதிக்குமிடையே மினுக்கிய உலோகக் கவசங்கள் நின்று கதிர்வெப்பத்தைத் தடுக்கின்றன. ஈலியம் வாயுவைச் சுற்றோட்டத்தில் அமுக்கியும் விரித்தும் இயங்கும் குளிராக்கிகள் வெப்பத்தை இடையறாது வெளியேற்றுகின்றன.

இங்கு பொறியியலாளரின் சோதனை தொடங்குகின்றது. அறை வெப்பநிலையிலிருந்து 77 கெல்வினுக்குக் குளிரும்போது அலுமினியம் ஆயிரத்தில் நான்கு பங்கு சுருங்கும். ஒரு மீற்றர் நீளமுள்ள சட்டம் நான்கு மில்லிமீற்றர் குறையும். உருகு சிலிக்காக் கண்ணாடியோ ஏறத்தாழச் சுருங்குவதேயில்லை. அலுமினிய வளையத்தில் இறுகப் பொருத்திய கண்ணாடி வில்லை குளிரில் நொறுங்கிவிடும். தளரப் பொருத்தினால் இடம்பெயர்ந்து விம்பம் கலங்கும். ஆகவே வில்லையைத் தாங்கும் உறுப்புகள் சுருக்கத்துக்கேற்ப வளைந்துகொடுத்து, அதே வேளையில் வில்லையின் நடுவச்சைப் பிறழாமற் காக்குமாறு அமைக்கப்படுகின்றன. கல்சியம் புளோரைட்டு, பேரியம் புளோரைட்டு, நாக செலனைட்டு முதலிய வில்லைப் பொருள்களின் முறிவுச் சுட்டியும் குளிரில் மாறும். எனவே, அறையிற் கூர்மையற்றதாயும் குளிரிற் கூர்மையானதாயும் இருக்குமாறே ஒளியியலை முற்கூட்டிக் கணித்து அமைத்தல் வேண்டும். கருவி சரியாக இயங்குகின்றதா என்பதை அதனைக் குளிர்வித்தபின்னரே அறியலாம்.

அசையும் உறுப்புகளும் இவ்வாறே இடர் தருகின்றன. வழக்கமான எண்ணெயும் மசகும் அக்குளிரில் உறைந்து கல்லாகும். ஆகையால் மொலிப்தனம் இருசல்பைட்டுப் போன்ற உலர்ந்த உராய்வுநீக்கிகள் பூசப்படுகின்றன. உள்ளே ஒரு சில்லு சிக்கிக்கொண்டால் கலத்தைத் திறந்து திருத்திவிட இயலாது. முதலில் முழுக் கருவியையும் சிறிது சிறிதாகச் சூடாக்கி, பின்னர் திறந்து திருத்தி, மீண்டும் வெற்றிடமாக்கிக் குளிர்வித்தல் வேண்டும். பெருங் கருவிகளில் இதற்கு வாரக்கணக்கிற் காலம் செல்லும்.

2012 இல் முதலாம் கெக் தொலைகாட்டியிற் பணிதொடங்கிய மொஸ்பயர் என்னும் கருவி இவ்வகையில் ஒரு பெரும் முன்னேற்றமாகும். இயன் மக்லீனும் சாள்ஸ் ஸ்ரைடலும் அத்திட்டத்தை நடாத்தினர். பல வெள்ளுடுத்தொகுதிகளை ஒரே நேரத்தில் ஆராய வேண்டுமாயின், அவை ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு பிளவு வேண்டும். கட்புல ஒளிக் கருவிகளில் இதற்கெனத் தகடுகளில் துளைகள் வெட்டி வேண்டியபோது மாற்றுவர். வெற்றிடத்துள் குளிர்ந்து கிடக்கும் கருவியில் நாள்தோறும் தகடு மாற்றுதல் எளிதன்று. மொஸ்பயரில் எதிரெதிரே நிற்கும் சட்டங்கள் குளிருக்குள்ளேயே நகர்ந்து 46 பிளவுகள் வரை அமைக்கின்றன. வெப்பநிலையை மாற்றாமலே, சில நிமிடங்களில் அடுத்த வான்பகுதிக்கேற்ற புதிய ஒழுங்கு அமைந்துவிடுகின்றது.

தொலைகாட்டி பெருத்தால் கருவியும் பெருக்கும்

தொலைகாட்டியின் ஆடி பெரிதாகுந்தோறும் மிகுந்த ஒளி திரளும் என்பது வெளிப்படை. அதனால் விளையும் இடர் அத்துணை வெளிப்படையன்று. வளியின் கொந்தளிப்பினால் விண்மீனின் விம்பம் ஒரு புள்ளியாக அமையாது சிறிது பரந்து தோன்றுகின்றது. வானத்தில் அப்பரப்பின் கோணம் எல்லாத் தொலைகாட்டிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆயின், 2 மீற்றர்த் தொலைகாட்டியைவிட 10 மீற்றர்த் தொலைகாட்டி, அதேயளவு கூம்பிய கற்றையைக் கொண்டு, அக்கோணத்தை ஐந்து மடங்கு பெரிய விம்பமாக விரிக்கின்றது. விம்பம் பெருத்தாற் பிளவை அகலித்தல் வேண்டும். அன்றேல் திரட்டிய ஒளி பிளவுக்கு வெளியே வீணாகும். பிளவு அகன்றால் அடுத்தடுத்த அலைநீளங்கள் ஒன்றன்மேலொன்று கவிந்து பிரிவலு குறையும். பிரிவலுவைக் காக்க வேண்டுமாயின் கற்றையையும் நெய்யரியையும் ஐந்து மடங்கு பெருப்பித்தல் வேண்டும். நெய்யரி பெருத்தால் வில்லைகளும் வெற்றிடக் கலமும் பெருக்கும். குளிர்விக்க வேண்டிய திணிவோ அதனினும் விரைவாகப் பெருகும்.

இதற்கு இரு வழிகள் காணப்பட்டன. தகவமைவு ஒளியியல் என்னும் முறை முதலாவது. ஆடியொன்றின் வடிவத்தை வினாடிக்குப் பன்னூறு முறை மாற்றி, வளியின் கொந்தளிப்பால் நேர்ந்த சிதைவை ஈடுசெய்து விம்பத்தைச் சிறிதாக்குவது அம்முறை. விம்பம் சிறிதானாற் பிளவும் சிறிதாகும். கருவியைப் பெருப்பிக்க வேண்டியதில்லை. நீண்ட அலைநீளங்களில் இச்சிதைவின் தாக்கம் குறைவாதலின், தகவமைவு ஒளியியல் செந்நிறக்கீழ்ப் பகுதியிலேயே முதலிற் பெரும் பயன் தந்தது.

ஒளியை வளியிலன்றிச் சிலிக்கனுக்குள்ளே நெய்யரியிற் படச்செய்வது இரண்டாவது வழி. சிலிக்கன் கட்புல ஒளிக்கு ஒளிபுகாப் பொருள், 1.2 மைக்கிரோமீற்றருக்கு அப்பாற்பட்ட ஒளிக்கோ அது கண்ணாடி போன்றது. அதன் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 3.4. ஆதலின் அதனுள் ஒளியின் அலைநீளம் அத்தனை பங்காகக் குறுகும். நெய்யரியையும் அவ்வளவுக்குச் சிறிதாக்கலாம். தெக்சாசுப் பல்கலைக்கழகமும் கொரிய வானியல் நிறுவனமும் சேர்ந்து ஆக்கிய இக்றின்ஸ் என்னும் கருவி இம்முறையை மேற்கொண்டது. 2014 இல் மக்டொனால்ட் கூடத்தின் 2.7 மீற்றர்த் தொலைகாட்டியிற் பணிதொடங்கிய அக்கருவி, 1.65, 2.2 மைக்கிரோமீற்றர்ச் சாளரங்கள் இரண்டையும் ஒரே பதிவில் 45,000 பிரிவலுவுடன் பதித்தது.

பகையைத் துணையாக்கல்

கருவியைக் குளிர்வித்து அதன் ஒளிர்வை அடக்கலாம். வானத்தைக் குளிர்விக்க யாரால் இயலும்? இங்கேதான் நிறமாலைபதிகருவியின் தனிச் சிறப்பு வெளிப்படுகின்றது.

ஐதரொட்சிலின் ஒளி தொடர்ந்து பரந்ததன்று. அது நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளால் ஆனது. பிரிவலு குறைந்த கருவியில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து எங்கும் ஒளிவெள்ளமாய்த் தோன்றும். பிரிவலுவை ஏறத்தாழ 3,000 க்கு மேல் உயர்த்தினால், ஒவ்வொரு கோடும் தன்னிடத்தில் ஒதுங்கும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இருண்ட இடைவெளிகள் தோன்றும். அவ்விடைவெளிகளே வானத்தை நோக்கும் வாயில்கள். தடிப்பான வேலியில் இடுக்குகள் தெரியத் தொடங்குவதுபோல, நுணுகிப் பிரிக்கப் பிரிக்க வானத்தின் ஒளிர்வு விலகி வழிவிடுகின்றது.

அதுமட்டுமன்று. ஒவ்வொரு ஐதரொட்சிற் கோட்டின் அலைநீளமும் ஆய்வுகூட அளவீடுகளாலும் கணிப்பாலும் துல்லியமாக அறியப்பட்டுள்ளது. எனவே, பதிவில் வலிந்து நுழைந்த அக்கோடுகளே அளவுகோலின் குறிகளாகி, விண்பொருளின் அலைநீளத்தை அளக்க உதவுகின்றன. பகையாய் வந்தது துணையாயிற்று.

எஞ்சிய ஒளிர்வைக் கழிக்கவும் முறையுண்டு. விண்பொருளைப் பிளவின் ஓரிடத்தில் நிறுத்தி ஒரு பதிவும், தொலைகாட்டியைச் சிறிது அசைத்துப் பிளவின் வேறோரிடத்தில் நிறுத்தி மறுபதிவும் எடுப்பர். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரண்டுக்கும் பொதுவான வானொளி நீங்கும். விண்பொருளின் ஒளி எஞ்சும். வளி விழுங்கிய பகுதியை அறிய, தனக்கெனக் கோடுகள் குறைந்த வெப்பமிக்க விண்மீன் ஒன்றை அண்மையிலேயே நோக்கி, அதன் நிறமாலையால் வகுப்பர். உணரியின் இரைச்சலைக் குறைக்க, ஒரே பதிவை அழியாமற் பலமுறை வாசித்துச் சராசரி காண்பர்.

கண்ட பயன்

இம்முயற்சிகளால் விளைந்தவற்றுள் இரண்டை மட்டும் இங்கு காட்டுதல் போதும்.

பால்வீதியின் நடுப்பகுதி ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அங்கிருந்து வரும் கட்புல ஒளியில் இலட்சங்கோடியில் ஒரு பங்கே தூசைக் கடந்து வந்தடையும்; 2.2 மைக்கிரோமீற்றர் ஒளியிலோ ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வந்தடையும். ஆகவே, அந்நடுவைச் செந்நிறக்கீழ்க் கதிர்களாலேயே நோக்கவியலும். அங்கு எஸ்-2 எனப் பெயரிடப்பட்ட விண்மீனொன்று கண்ணுக்குப் புலனாகாத ஒரு மையத்தை 16 ஆண்டுகளுக்கொருமுறை சுற்றிவருகின்றது. அதன் இடமாற்றத்தைப் படங்கள் காட்டின. அது நம்மை நோக்கி வருகின்றதா விலகுகின்றதா, எவ்விரைவில் என்பதை நிறமாலையே காட்டவல்லது. 2018 மே மாதத்தில் அவ்விண்மீன் மையத்தை மிகவும் அணுகியபோது, வினாடிக்கு 7,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட விரைவிற் சென்றது. சிலியிலுள்ள மிகப்பெருந் தொலைகாட்டியில் அமைந்த சின்போனி என்னும் நிறமாலைபதிகருவி, 2.166 மைக்கிரோமீற்றரில் அமையும் ஐதரசன் கோட்டின் பெயர்ச்சியை அளந்தது. ஐன்சுரைனின் கொள்கை எதிர்பார்த்தவாறே அக்கோடு கூடுதலாகச் சிவப்புப் பக்கம் பெயர்ந்திருந்தது. கெக், ஜெமினி, சுபாரு ஆகிய தொலைகாட்டிகளைக் கொண்டு ஆராய்ந்த மற்றொரு குழுவும் 2019 இல் அதனையே உறுதிசெய்தது. நாற்பது இலட்சம் ஞாயிறுகளுக்கு மேற்பட்ட திணிவுள்ள அடர்ந்த பொருளொன்று அங்குள்ளதெனக் காட்டியமைக்காக, இரு குழுக்களின் தலைவர்களாகிய றைன்காட் கென்செலும் அன்றியா கெசும் 2020 ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசில் பங்குபெற்றனர்.

மற்றையது அண்மையிலுள்ள ஒரு மங்கிய பொருளைப் பற்றியது. முயல் விண்மீன் கூட்டத்தில் ஏறத்தாழ 19 ஒளியாண்டுத் தொலைவில் கிளீசே 229 என்னும் செங்குறுமீன் உள்ளது. அதன் அருகே மங்கிய துணையொன்று காணப்பட்டமை 1995 இல் அறிவிக்கப்பட்டது. பலோமர் மலையிலுள்ள 200 அங்குலத் தொலைகாட்டியைக் கொண்டு அதன் செந்நிறக்கீழ் நிறமாலையைப் பதித்தபோது, அதில் மெதேனின் கைச்சாத்து தெளிவாயிருந்தது. விண்மீனின் வெப்பத்தில் மெதேன் நிலைத்திருக்கவியலாது. எனவே அது விண்மீனன்று. விண்மீனாக முற்றுப்பெறாது குளிர்ந்துகொண்டிருக்கும் கபிலக் குறளி என்பது ஐயமின்றி விளங்கிற்று. ஆயின், பின்னர் அதன் திணிவை அளந்தபோது ஒரு புதிர் எழுந்தது. வியாழனின் 70 மடங்கை அண்மிய அத்திணிவுக்கு அதன் ஒளி மிகக் குறைவாயிருந்தது. கொள்கை பிழையோ, அளவீடு பிழையோ என்னும் ஐயம் நிலவியது. விடை 2024 இற் கிடைத்தது. மிகப்பெருந் தொலைகாட்டியின் தலையீட்டுமானியும், ஏறத்தாழ 100,000 பிரிவலுவுடைய கிரைரெஸ் என்னும் நிறமாலைபதிகருவியும் சேர்ந்து, அது ஒரு பொருளன்று, ஏறத்தாழ 12 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்கள் எனக் காட்டின. கொள்கையும் பிழையன்று, அளவீடும் பிழையன்று, ஒன்றென எண்ணியதே பிழை. அப்பிழையைத் திருத்தியது நுணுகிப் பிரிக்கும் ஆற்றலேயாம்.

விண்ணிலா, மண்ணிலா?

வளி இத்தனை இடர் தருமாயின் கருவியை விண்வெளிக்கே அனுப்பிவிடலாகாதா என்னும் வினா எழுதல் இயல்பு. 2021 டிசெம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டி அவ்வாறு அனுப்பப்பட்டதே. 6.5 மீற்றர் ஆடியையுடைய அது, பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றருக்கப்பால், ஞாயிற்றின் வெப்பம் படாத நிழலிற் குளிர்ந்து நிற்கின்றது. மிக மங்கிய பொருள்களைக் காண்பதில் நிலத்திலுள்ள எத்தொலைகாட்டியும் அதற்கு இணையாகாது. எனினும், அதன் நிறமாலைபதிகருவிகளின் பிரிவலு சில ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. பெரிய நெய்யரிகளையும் பாரிய கலங்களையும் ஏவுகணையில் ஏற்றுதல் எளிதன்று. ஏற்றியபின் திருத்துதலும் மாற்றுதலும் இயலாது. நிலத்திலுள்ள கருவியோ புதுப்பிக்கப்படக்கூடியது. 2018 இல் நிர்ஸ்பெக்கின் உணரி நீக்கப்பட்டு, நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட புதிய உணரி பொருத்தப்பட்டது. 2006 முதற் பணிசெய்த கிரைரெஸ் 2014 இற் கழற்றப்பட்டுத் திருத்தி அமைக்கப்பட்டது; ஒரே பதிவில் முன்னையினும் ஏறத்தாழப் பத்து மடங்கு அலைநீளப் பரப்பைப் பதிக்கும் ஆற்றலுடன் அது 2021 இல் மீண்டும் பணிக்கு வந்தது. எனவே விண்ணும் மண்ணும் போட்டியிடுவனவல்ல. மங்கியதைக் காண்பது ஒன்றின் வேலை, நுண்ணியதைப் பிரிப்பது மற்றொன்றின் வேலை.

சிலியின் ஆர்மசோனசு மலையில் 39 மீற்றர் ஆடியையுடைய அதிபெருந் தொலைகாட்டி கட்டப்பட்டு வருகின்றது. அதற்கென ஆக்கப்படும் மெற்றிஸ் என்னும் கருவி 3 முதல் 13 மைக்கிரோமீற்றர் வரையான பகுதியை ஆராயும்; அதன் நிறமாலைபதிகருவியின் பிரிவலு 100,000 ஆக அமையும். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் வளியில் எவ்வெம் மூலக்கூறுகள் உள்ளன என்பதை அறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அக்கோள்களின் வளியிலுள்ள நீராவியைப் பூமியின் வளியிலுள்ள நீராவியினூடாகவே தேட வேண்டியுள்ளது. கோள் தன் பாதையில் ஓடுவதால் அதன் கோடுகள் இடம்பெயரும். பூமியின் வளிக்கோடுகள் பெயராது நிற்கும். நுணுகிப் பிரிக்கவல்ல கருவி இவ்வேறுபாட்டைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிகின்றது.

ஹேர்செலின் வெப்பமானியிலிருந்து இன்றைய பெருங் கருவிகள் வரை, இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இம்முயற்சியில் எவரும் வானத்தின் விளக்கை அணைத்தாரல்லர். கருவியின் சொந்த ஒளியை அடக்கினர்; வானத்தின் ஒளியைக் கோடு கோடாகப் பிரித்து அறிந்தனர்; அறிந்தபின் அதன் நடுவேயுள்ள இருளில் தாம் தேடிய மின்மினியைக் கண்டனர்.